ஆஸ்துமா கிளாஸ் ரிவ்யூ: ஹால்ல நடந்தது சுமார், சின்ன ரூம்ல நடந்தது சூப்பர்

அம்மாவுக்கு ரொம்ப வருஷமா ஆஸ்துமா. டாக்டர் பார்ப்பார், எழுதுவார், மருந்து வாங்குவோம், வீட்டுக்கு வருவோம், அவ்ளோதான் ஓடிட்டு இருந்துச்சு. இந்த தடவ டாக்டரே "ஆஸ்துமா செல்ஃப் மேனேஜ்மென்ட் புரோகிராம் ஒண்ணு இங்கயே நடத்துறோம், அதுக்கு போய்ட்டு வந்துருங்க"ன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டார், சரின்னு கூட்டிட்டு போனேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா இதுல திட்டவும் போறேன். அதுவுமில்லாம இந்த மாதிரி புரோகிராம் யார் நடத்துனாலும் உள்ள இருக்குற சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஒரு லெக்சர், நர்ஸ் கூட தனியா கொஞ்ச நேரம், எப்ப என்ன செய்யணும்னு எழுதுன ஒரு ஆக்ஷன் பிளான், ஊதுற வேகத்த அளக்குற ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், இன்ஹேலர்ல மாட்டுற ஒரு ஸ்பேசர், ஒரு டைரி, அப்புறம் ஃபாலோ அப். எதுல நேரம் போடணும் எதுல தூங்கலாம்னு தெரிஞ்சு போனா நல்லதுன்னுதான் எழுதுறேன்.

மார்க் முதல்லயே சொல்லிடறேன். லெக்சருக்கு 5க்கு 1, நர்ஸ் ரூமுக்கு 5க்கு 5, ஆக்ஷன் பிளானுக்கு 4, அதுக்கப்புறம் நம்மள கவனிச்சுக்கிட்ட லட்சணத்துக்கு 2. கூட்டி வகுத்தா 3 தான் வருது, அந்த நர்ஸுக்காக அரை மார்க் நானா சேத்து 3.5 போட்டுக்கறேன்.

லெக்சர் பத்தி சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். பெரிய ஹால், ஏசி, புரொஜெக்டர், நுரையீரல் படம். 2019 கணக்குப்படி உலகத்துல 26 கோடி பேருக்கு மேல ஆஸ்துமா இருக்கு, அந்த ஒரே வருஷத்துல நாலரை லட்சம் பேர் செத்துருக்காங்கன்னு உலக சுகாதார அமைப்போட நம்பர் ஒண்ணு போட்டாங்க, பாதி பேர் முகம் தொங்கிப்போச்சு, மீதி பேர் அதுக்குள்ள தூங்கியாச்சு. ஏற்கனவே பயந்து போயிருக்குற நோயாளிகிட்ட எத்தனை பேர் சாகுறாங்கன்னு ஆரம்பிக்கிறது என்ன ஐடியாவோ. அதுல உருப்படியா ரெண்டு விஷயம் இருந்துச்சு, அத மட்டும் சொல்றேன். ஒண்ணு, ஆஸ்துமால மூச்சுக்குழாய்க்குள்ள ரெண்டு வேலை நடக்குது, உள் சவ்வு வீங்கி சளி சுரக்குது, சுத்தி இருக்குற தசை இறுக்கிப் பிடிக்குது. அவசரத்துக்கு அடிக்கிற சால்பியூட்டமால் இந்த தசையத்தான் தளர்த்தும், வீக்கத்த அது தொடாது. வீக்கத்துக்கு வேலை செய்யிறது தினம் எடுக்குற ஸ்டீராய்டு இன்ஹேலர்தான், அது உடனே ஒண்ணும் காட்டாது, அதனாலதான் நம்மாளுங்க அத விட்டுட்டு உடனே சுகம் குடுக்குறத மட்டும் வச்சுக்கிறாங்க. இன்னொண்ணு, ஸ்டீராய்டுன்னா பயப்படுறவங்களுக்கு லெக்சர் எடுத்தவர் சொன்ன பதில், மாத்திரைல போறது மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலர்ல போறது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேரா போக வேண்டிய இடத்துக்கு போகுது. அம்மா இதக் கேட்டு தலைய ஆட்டுனாங்க, வருஷக்கணக்கா நான் சொன்னப்போ ஆடாத தலை.

ஆனா ஸ்லைட் பழசுங்க, அதான் என் பெரிய கோவம். லேசான ஆஸ்துமாவுக்கு அவசர மருந்து மட்டும் போதும், தேவைப்படும்போது அடிச்சுக்கலாம்னு ஒரு ஸ்லைட் ஓடிச்சு. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகம் முழுக்க டாக்டருங்க பார்க்குற ஜினா வழிகாட்டுதல் 2019லயே அத தூக்கிடுச்சு. பெரியவங்க, 12 வயசுக்கு மேல உள்ள பசங்க யாரா இருந்தாலும் வெறும் சால்பியூட்டமால் மாதிரி மருந்த மட்டும் வச்சு ஓட்டக்கூடாது, ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் ஏதாவது ஒரு விதத்துல சேந்துதான் இருக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. லேசா இருக்குறவங்களுக்குக்கூட தேவைப்படும்போது ஸ்டீராய்டும் மூச்சுக்குழாய தளர்த்துற ஃபார்மோட்டராலும் சேந்த இன்ஹேலர எடுக்குற முறை இப்ப இருக்கு. நான் எழுந்து கேட்டேன், லெக்சர் எடுத்தவர் "ஆமா ஆமா, ஸ்லைட் அப்டேட் பண்ணணும்"னுட்டு அடுத்ததுக்கு தாவிட்டார். தூங்கிட்டு இருந்தவங்க காதுல எது விழுந்துச்சோ தெரியல.

சும்மா தகவல் மட்டும் சொல்லி அனுப்புற கிளாஸால பெருசா பிரயோஜனம் இல்லங்கிறது என் எரிச்சல் மட்டும் இல்ல, மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசுற கோக்ரேன் அமைப்பு 2000க்கு பக்கத்துல வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புங்க ரெண்டுலயும் இதேதான். வெறும் தகவல் சொன்ன புரோகிராம்ல ஆஸ்பத்திரில சேருறது குறையல, ஆனா தானே கண்காணிக்கிறது, எழுதிக் குடுத்த பிளான், அப்பப்போ டாக்டர்கிட்ட பார்த்துக்கிறது இந்த மூணும் சேந்தப்போ ஆஸ்பத்திரில சேருறதும் எமர்ஜென்சிக்கு ஓடுறதும் நல்லாவே குறைஞ்சிருக்கு. அப்ப ஹால எதுக்கு அவ்ளோ நேரம் ஓட்டுறாங்கன்னுதான் கேக்கணும்.

சரி, இப்ப சின்ன ரூமுக்கு வரேன்.

அங்க ஒரு நர்ஸ், ஒரு டேபிள், டேபிள் மேல மருந்து இல்லாத டம்மி இன்ஹேலருங்க வரிசையா. முதல்ல ஒரு விஷயம், கூட வந்தவங்கள வெளிய உக்காரச் சொல்றாங்க, கேக்காதீங்க, உள்ள போங்க. ராத்திரி மூச்சு வாங்கும்போது பக்கத்துல இருக்கப்போறது நாமதான். நான் கேட்டதும் அந்த சிஸ்டர் ஒண்ணும் சொல்லல, ஸ்டூல் இழுத்துப் போட்டாங்க.

"அம்மா, இன்ஹேலர் கொண்டு வந்திருக்கீங்களா? வீட்ல எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுத்துக் காட்டுங்க, நான் நடுவுல ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அம்மா ஜம்முனு பையில இருந்து எடுத்தாங்க, மூடிய திறந்தாங்க, குலுக்கல, வாய்ல வச்சு டபக் டபக்குனு ரெண்டு அமுக்கு, அப்புறம்தான் மூச்ச இழுத்தாங்க. வாய் ஓரத்துல புகை மாதிரி வெளிய வந்துச்சு. உடனே மூச்ச விட்டுட்டு "அவ்ளோதான் சிஸ்டர்"னு மூடிய போட்டாங்க. சிஸ்டர் சொன்ன மாதிரியே முடியிற வரைக்கும் வாயே திறக்கல, ஒரு பேப்பர்ல டிக் மட்டும் போட்டாங்க, எட்டு கட்டத்துல ரெண்டு டிக்தான் விழுந்துச்சு.

"மருந்து உள்ள போச்சான்னு தெரிஞ்சுதா மா?"

"நாக்குல கசந்துச்சே."

"நாக்குக்கு ஆஸ்துமா இல்லையே மா."

அம்மாவே சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் சிஸ்டர் தானே டம்மிய எடுத்து மெதுவா செஞ்சு காட்டுனாங்க, திரும்ப அம்மாவ செய்ய வச்சாங்க, தப்பு வந்த இடத்த மட்டும் சொல்லி திரும்ப செய்ய வச்சாங்க, எல்லா கட்டமும் டிக் ஆகுற வரைக்கும் விடல. இதுதான் மொத்த புரோகிராம்லயும் காசு பெறுற இடம். பிரஷர் போட்டு அடிக்கிற ஸ்பிரே டைப்புக்கு அவங்க சொன்னது இது: நல்லா குலுக்கணும், இன்ஹேலர வெளிய வச்சே மூச்ச முழுசா விடணும், அப்புறம் உதட்டால இறுக்கமா பிடிச்சு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒரே ஒரு அமுக்கு, இழுக்குறது மூணுலேர்ந்து அஞ்சு செகண்டு வரைக்கும் நிதானமா போகணும், அப்புறம் வாய மூடி 10 செகண்டு அடக்கணும். ரெண்டாவது பஃப் வேணும்னா அர நிமிஷம் ஒரு நிமிஷம் விட்டு திரும்ப குலுக்கிட்டு முதல்லேர்ந்து. ஸ்டீராய்டு இன்ஹேலர்னா முடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லன்னா வாய்க்குள்ள வெள்ளை வெள்ளையா பூஞ்சை பிடிக்கும், குரல் கம்மும்.

இதுல ஒரு கூத்து என்னன்னா, பவுடர் டைப் இன்ஹேலருக்கு இதுல பாதி தலைகீழ். அத மெதுவா இழுத்தா பவுடர் கிளம்பாது, வேகமா பலமா இழுக்கணும், மருந்த லோடு பண்ணதுக்கப்புறம் குலுக்கக்கூடாது, அதுக்குள்ள மூச்ச ஊதவே கூடாது, ஈரம் பட்டா பவுடர் கட்டி பிடிச்சுக்கும். ஒரே ஆளுக்கு காலைல பவுடர் டைப்பு, அவசரத்துக்கு ஸ்பிரே டைப்புன்னு எழுதிக் குடுத்தா அவர் என்னதான் செய்வார்? சிஸ்டர் சொன்னாங்க, இன்ஹேலர்ல போட வேண்டிய கேப்ஸ்யூல தண்ணி ஊத்தி முழுங்கிட்டு வந்தவங்களும் இருக்காங்களாம், மருந்து வேலை செய்யலன்னு டோஸ் ஏத்த வந்தப்போதான் வெளிய வந்துச்சாம்.

யோசிச்சுப் பாருங்க, இன்ஹேலர் ஒண்ணும் நேத்து வந்தது இல்ல. 1955ல அமெரிக்காவுல ஒரு மருந்து கம்பெனி தலைவரோட 13 வயசுப் பொண்ணு, ஹேர் ஸ்பிரே மாதிரி டப்பால என் ஆஸ்துமா மருந்து ஏன் வரக்கூடாதுன்னு அப்பாகிட்ட கேட்டதுலேர்ந்து வேலை ஆரம்பிச்சு 1956லயே கடைக்கு வந்துடுச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் 80 சதவீதம் பேர் வரைக்கும் சரியா எடுக்குறதில்லன்னு ஜினாவே எழுதுது. டாக்டருங்க நேரம் இல்லன்னு பெட்டிக்குள்ள இருக்குற சின்ன எழுத்து பேப்பர நம்பி விட்டுடறாங்க, நாமளும் அத பிரிக்காமலே குப்பைல போடறோம். இன்னொரு விஷயம், ஒரு தடவ கத்துக்கிட்டா முடிஞ்சுதுன்னும் இல்ல, சரியா கத்துக்கிட்டவங்களுக்கே நாலு ஆறு வாரத்துல பழைய தப்பு திரும்ப வந்துடுமாம். அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் இன்ஹேலர கையோட கொண்டு போய் "பாருங்க, சரியா எடுக்குறேனா"ன்னு நாமளே செஞ்சு காட்டணும்.

அம்மாவுக்கு விரல் மூட்டு வலி இருக்கு, அமுக்குறதும் இழுக்குறதும் ஒரே நேரத்துல வரல. அதான் ஸ்பேசர் குடுத்தாங்க. பார்க்க பெரிய பிளாஸ்டிக் குடுவை, கைப்பைல அடங்காது, வெளிய எடுத்தா பத்து பேர் திரும்பிப் பார்க்குறாங்கன்னு அம்மாவுக்கு வருத்தம். ஆனா வேலை பிரமாதம், மருந்து அதுக்குள்ள ஒரு நொடி நிக்கும், நாம நிதானமா இழுத்துக்கலாம், தொண்டைல படியிறதும் குறையும். ரெண்டு பஃப்ப ஒண்ணா அடிச்சு இழுக்கக்கூடாது, ஒண்ணொண்ணாதான். கழுவுறதுலதான் நம்மாளுங்க கோட்டை விடுவாங்க, மாசம் ஒரு தடவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில அலசி அப்படியே காத்தாட விட்டுடணும், துணியால துடைச்சு பளபளன்னு ஆக்குனா உள்ள ஸ்டாட்டிக் ஏறி மருந்து சுவத்துலயே ஒட்டிக்கும். நம்ம வீட்ல துடைக்காம ஒரு பாத்திரத்த எடுத்து வைக்கவே மாட்டாங்க, இத புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு.

அப்புறம் இன்ஹேலர்ல மருந்து இருக்கான்னு பார்க்க தண்ணில போட்டு மிதக்குதான்னு பார்க்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அது நம்பக்கூடியது இல்ல. 200 பஃப்னு போட்டிருந்தா 200 தான், அதுக்கப்புறமும் புஸ்ஸுன்னு வரும், ஆனா அதுல வர்றது காத்துதான்னு வச்சுக்கோங்க. கவுன்ட்டர் உள்ள இன்ஹேலரா கேட்டு வாங்குறது நல்லது. கலர நம்பாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும், பேரைப் படிங்க.

இப்ப நான் எதிர்பார்க்காத ஒண்ணு. சிஸ்டர் "வேற என்னென்ன மருந்து எடுக்குறீங்க, மாத்திரை மட்டும் இல்ல, களிம்பு, சொட்டு மருந்து எல்லாம் எடுத்து டேபிள்ல வைங்க"ன்னாங்க. அம்மா பைய கவுத்தாங்க, அதுல கண் பிரஷருக்கு போடுற சொட்டு மருந்து ஒண்ணு. சிஸ்டர் லேபிளப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு, டிமோலால். அது பீட்டா பிளாக்கர் வகை, கண்ணுல விட்டாலும் ரத்தத்துல கலந்து ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சுக்குழாய இறுக்கிடும், ஆஸ்துமா இருந்தா குடுக்கவே கூடாதுன்னு அந்த மருந்து காகிதத்துலயே போட்டிருக்கும். கண் டாக்டர்கிட்ட அம்மா ஆஸ்துமா இருக்குன்னு சொல்லவே இல்ல, அவங்களும் கேக்கல, கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்கு தோணும்? நீங்களா நிறுத்திடாதீங்க, கண் பிரஷர் ஏறிடும்னு சொல்லி அங்கேயே டாக்டர வரவச்சு, அவர் கண் டாக்டருக்கு லெட்டர் எழுதி, வேற சொட்டு மாத்திக் குடுத்தாங்க. இதே மாதிரி சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டாலும் இழுக்கும், எல்லாருக்கும் இல்ல, ஒரு தடவ வந்திருந்தா எல்லா டாக்டர்கிட்டயும் சொல்லிடணும். இந்த ஒரு கேள்விக்காகவே அந்த ரூமுக்கு 5 மார்க்.

பீக் ஃப்ளோ மீட்டர். பார்க்க ஒண்ணுமே இல்ல, ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கத்துல ஸ்கேல் மாதிரி நம்பர், அதுல ஓடுற சின்ன சிவப்பு முள். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்துல காத்த வெளிய தள்ள முடியுதுன்னு காட்டும். 1959ல இங்கிலாந்துல ரைட்னு ஒருத்தர் கூட்டாளியோட சேந்து வெளியிட்டது, அப்ப பெரிய வட்ட டயல் வச்ச கனமான மிஷினு, அப்புறம்தான் கைக்கு அடக்கமா சின்னதா வந்துச்சு. பேட்டரி இல்ல, சார்ஜர் இல்ல, அதுவே பெரிய நிம்மதி. நின்னுக்கிட்டு, முள்ள கீழ இறக்கிட்டு, மூச்ச முழுக்க இழுத்து, உதட்ட இறுக்கி, பட்டுனு ஒரே ஊது. நீளமா ஊதத் தேவையில்ல, முதல் வேகம்தான் கணக்கு. மூணு தடவ ஊதி அதுல பெருசு எதுவோ அத எழுதணும், சராசரி போடக்கூடாது.

குறை என்னன்னா இது ஊதுற ஆளோட முயற்சிய பொறுத்தது. சோம்பலா ஊதுனா குறைவா காட்டும், துப்புற மாதிரியோ இருமுற மாதிரியோ ஊதுனா சும்மா ஏத்திக் காட்டும், நாக்கு குறுக்க வந்தா இறங்கிடும். ஒரு மீட்டருக்கும் இன்னொரு மீட்டருக்கும் நம்பர் ஒத்துப் போகாது, அதனால எப்பவும் ஒரே மீட்டர்தான். நிஜமாவே எல்லாருக்கும் இது தேவையுமில்ல, அறிகுறிய வச்சே எழுதுற பிளானும் நிறைய பேருக்கு இதே அளவு வேலை செய்யுது. யாருக்கு அவசியம்னா, அடிக்கடி மோசமாகுறவங்களுக்கும், மூச்சு இறுகுறதே உடம்புக்கு தெரியாதவங்களுக்கும். எங்கம்மா ரெண்டாவது ரகம். எப்ப கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"தான். நல்லா இருந்த ரெண்டு வாரம் காலைலயும் சாயங்காலமும் ஊத வச்சு அவங்களோட அதிகபட்சம் 350னு பிடிச்சாங்க. அப்புறம் ஒருநாள் லேசா சளி பிடிச்சிருந்துச்சு, காலைல 250 காட்டுச்சு. "மிஷினு கெட்டுப்போச்சு போல"ன்னாங்க. நான் வாங்கி ஊதிப் பார்த்தேன், எனக்கு எப்பவும் வர்ற நம்பர்தான் வந்துச்சு. சாயங்காலம் 230. அப்பவும் ஆளு டிவி பார்த்து சிரிச்சுட்டுதான் இருக்காங்க. ஆக்ஷன் பிளான்ல நம்பர் இறங்குனா பார்க்குற மஞ்சள் பட்டைக்கு என்ன எழுதியிருந்துச்சோ அத அன்னைக்கே ஆரம்பிச்சோம், ராத்திரி ரெண்டு தடவ இருமி எழுந்தாங்க, அதோட போச்சு. முன்னாடி எல்லாம் இந்த மாதிரி சளின்னா நெபுலைசர்லதான் போய் முடியும்.

ஆக்ஷன் பிளான்னா ஒரே ஒரு பக்கம். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு பட்டை. உங்க அதிகபட்சத்துல 80 சதவீதத்துக்கு மேல இருந்தா பச்சை, வழக்கம்போல மருந்து. 50க்கும் 80க்கும் நடுவுல மஞ்சள், எந்த மருந்த எவ்ளோ கூட்டணும், எத்தனை நாள், எப்ப டாக்டருக்கு போன் போடணும். 50க்கு கீழ சிவப்பு, அவசர மருந்து அடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும். இதுல நான் ஏன் ஒரு மார்க் கொறச்சேன்னா முதல்ல குடுத்த தாள்ல இந்த சதவீதம் மட்டும்தான் அச்சடிச்சு இருந்துச்சு, மருந்து பேரு எழுதுற இடம் காலி, "டாக்டர் ஆலோசனைப்படி"ன்னு ஒரு வரி. நடுராத்திரி மூச்சு முட்டும்போது 350ல 80 சதவீதம் எவ்ளோன்னு யார் கணக்கு போட்டுட்டு இருப்பா? திரும்பப் போய் நின்னு 280, 175னு நம்பராவே எழுத வச்சோம், மருந்து பேரு, எத்தனை பஃப், எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்க, எல்லாம். டாக்டர் கொஞ்சம் முகம் சுளிச்சார், பரவால்ல. அந்த அளவ நான் இங்க எழுதல, ஏன்னா அது அம்மாவுக்கு எழுதுனது, உங்களுக்கு உங்க டாக்டர் எழுதணும்.

இந்த பேப்பருக்கு ஏன் இவ்ளோ சண்டைன்னு கேக்குறவங்களுக்கு, பிரிட்டன்ல 2014ல ஆஸ்துமா சாவுகள ஒண்ணொண்ணா எடுத்து ஆராய்ஞ்ச ஒரு தேசிய அறிக்கை வந்துச்சு. 195 சாவுல இந்த மாதிரி தனி பிளான் குடுத்ததா பதிவு இருந்தது 23 சதவீதம் பேருக்குத்தான்.

சிவப்புல மீட்டர தேடிக்கிட்டு நிக்காதீங்கன்னும் சிஸ்டர் சொன்னாங்க. ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியல, உதடு நீலமா மாறுது, அவசர மருந்து அடிச்சும் கேக்கல, இல்ல கேட்டு கொஞ்ச நேரத்துலயே திரும்ப இழுக்குது, இதுல எது வந்தாலும் நம்பர் பார்க்காம ஆம்புலன்ஸ். வீஸிங் சத்தம் நின்னு போச்சேன்னு நிம்மதி ஆகவும் கூடாது, ஆளு களைச்சுப் போய் சத்தம் நிக்குதுன்னா காத்தே போகலன்னு அர்த்தம். இத ஹால்ல யாரும் சொல்லல, சொல்லியிருக்கணும்.

அவசர மருந்து எவ்ளோ ஓடுதுன்னு எண்ணச் சொன்னாங்க. 200 பஃப் உள்ளது வருஷத்துக்கு மூணு அல்லது அதுக்கு மேல தீர்ந்தா பெரிய அட்டாக் வர்ற ஆபத்து அதிகம், மாசத்துக்கு ஒண்ணுன்னு ஓடுனா சாவு ஆபத்தே ஏறுது. கடைல சீட்டு இல்லாம கேட்ட உடனே எடுத்து குடுக்குறாங்கன்னு சந்தோஷப்படுறவங்க கொஞ்சம் பழைய டப்பாவ எல்லாம் எண்ணிப் பாருங்க.

ட்ரிக்கர் லிஸ்ட்னு ஒண்ணு குடுத்தாங்க, தூசி, புகை, பூஞ்சை, செல்லப்பிராணி, மகரந்தம், சென்ட், குளிர் காத்து, சிரிப்பு, அழுகைன்னு ஒரு பக்கம் முழுக்க. இத எல்லாத்தையும் தவிர்க்கணும்னா பெட்டிக்குள்ளதான் உக்காரணும். சிரிப்ப எப்படிங்க தவிர்க்கிறது? அதுக்குப் பதிலா டைரி நல்லா இருந்துச்சு. நம்பர் பக்கத்துல அன்னைக்கு என்ன செஞ்சோம்னு ஒரு வரி எழுதச் சொன்னாங்க, கொஞ்ச நாள்லயே அம்மாவுக்கு அலமாரி, புத்தகம், பழைய துணி தட்டுற நாள்லதான் இறங்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. பூனை, பூ எதுவும் ஒண்ணும் பண்ணல. அலமாரி வேலை இப்ப என் தலைல. நடக்குறதையும் நிறுத்த வேணாம்னாங்க, நல்லா கன்ட்ரோல்ல இருந்தா உடற்பயிற்சி செய்யலாம், மெதுவா ஆரம்பிச்சு ஏத்துனா போதும்.

ஃபாலோ அப்தான் சொதப்பல். ரெண்டு வாரத்துல நாங்களே கூப்புடுவோம்னாங்க, கூப்புடல, நான்தான் போன் போட்டு போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குனேன். ஒரு ஆப் டவுன்லோட் பண்ணச் சொன்னாங்க, அது மருந்து நேரத்துக்கு மணி அடிக்குது, அவ்ளோதான், அம்மா அத அலாரம்னு நெனச்சு அணைச்சுட்டு தூங்குறாங்க. அதவிட மோசம் நோயாளிங்களுக்குன்னு ஆரம்பிச்ச மெசேஜ் குரூப்பு. மூச்சுப் பயிற்சி பண்ணா ஒரே மாசத்துல இன்ஹேலர தூக்கிப் போட்டுடலாம், இந்தப் பொடிய முழுங்குனா ஆஸ்துமா வேரோட போயிடும்னு தினம் ஃபார்வர்டு, ஆஸ்பத்திரி ஆளு அதுல இருந்தும் ஒரு வார்த்த பேசல. மூச்சுப் பயிற்சி கூடுதலா செய்யலாம், அறிகுறி கொஞ்சம் குறையும், ஆனா மருந்துக்கு பதிலா இல்ல. இத ஒரு வரி போட ஆஸ்பத்திரிக்கு என்ன கஷ்டம்? அம்மா போன்ல அந்த குரூப்ப மியூட் பண்ணிட்டேன்.

ஃபாலோ அப்ல திரும்ப அதே சின்ன ரூம், அதே சிஸ்டர், திரும்ப "செஞ்சு காட்டுங்க மா". மத்ததெல்லாம் சரி, 10 செகண்டு அடக்குறது அஞ்சுல முடிஞ்சுடுச்சு, திரும்ப செய்ய வச்சாங்க. கூடவே பகல்ல எத்தனை தடவ மூச்சு வாங்குச்சு, ராத்திரி எழுந்தீங்களா, அவசர மருந்து வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தேவைப்பட்டுச்சா, ஏதாவது வேலைய ஆஸ்துமாவால விட்டீங்களான்னு நாலு கேள்வி. அம்மா எல்லாத்துக்கும் "இல்ல"ன்னாங்க, சிஸ்டர் என்னப் பார்த்தாங்க, நான் டைரிய நீட்டுனேன்.

புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு கேளுங்க: இன்ஹேலர் எடுக்குறத நேர்ல பார்த்து திருத்துவீங்களா, மருந்து பேரும் நம்பரும் போட்ட பிளான் எழுதி குடுப்பீங்களா. ரெண்டுக்கும் ஆமான்னா கண்ண மூடிக்கிட்டு போங்க, போகும்போது கண் சொட்டு உட்பட வீட்ல இருக்குற எல்லா மருந்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டுக்கோங்க. வெறும் ஹால் லெக்சர் மட்டும்தான்னா அந்த நேரத்துக்கு உங்க டாக்டர்கிட்டயே கூட அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கி அவர் முன்னாடி ஒரு பஃப் எடுத்துக் காட்டிட்டு வாங்க.